மாலை போடுவோம், பிள்ளையை மேடையேற்ற வேண்டாம்

எங்கள் இளையோர் நல மையத்துக்குக் கொடுத்து உதவுகிறவர்களுக்காக டிசம்பரில் நடக்கவிருக்கும் பாராட்டு விழாவை நான் எதிர்க்கிறேன் என்று ஊரில் பேச்சு பரவியிருக்கிறது. சந்தையில் ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார்: "என்ன டீச்சர், கொடுக்கிறவர்களுக்கு மாலை போடக் கூடாது என்று கூட்டத்தில் சொன்னீர்களாமே?" நான் அப்படிச் சொல்லவே இல்லை. மாலை போட வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும், பெயரை ஒலிபெருக்கியில் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி. நான் மறுத்தது நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருந்த ஒரே ஒரு வரியை: "மையத்தால் பயனடைந்த மாணவரின் நன்றியுரை." அந்த வரியை எடுக்கும்வரை நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட் கடைவீதியில் ஒரு மாடியில் ஆறு ஆண்டுகளாகச் சிறிய இளையோர் நல மையம் ஒன்று நடக்கிறது. புதன்கிழமை மாலையும் சனிக்கிழமை முழுநாளும் திறந்திருக்கும். அது மருத்துவமனை அல்ல. மருந்து எழுதிக் கொடுக்கமாட்டார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தச்சோகை பார்ப்பார்கள். மாதவிடாய் வலியை அம்மாவிடம்கூடச் சொல்லத் தயங்கும் பெண்பிள்ளை அங்கே சொல்லலாம். வேப் என்கிற மின்சிகரெட்டை விட முடியாத பையன் வந்து உட்காரலாம். 2024 அக்டோபர் முதல் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதை விற்கச் சட்டமே தடை செய்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே பழகிவிட்ட பிள்ளையிடம் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் அல்லவா? தூக்கம் வராதவன், படிப்பில் மனம் ஒட்டாதவள், வீட்டுக்குத் திரும்பவே பிடிக்காதவர்கள், எல்லோரும் வருவார்கள். பெரிதாக ஏதாவது தெரிந்தால் அரசாங்கக் கிளினிக்குக்கோ ஈப்போ மருத்துவமனைக்கோ அழைத்துப் போவார்கள். கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். அந்தக் கதவுவரை ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

இந்த மாடியைக் கொடுத்திருப்பவர் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் ஐயா. ஆறு ஆண்டுகளாக வாடகை வாங்கவில்லை. அதற்காக மட்டும் அவருக்கு மாலை போட்டால், அவர் செய்ததில் பாதியைத்தான் பாராட்டியவர்களாவோம். தொடக்கத்தில் நாங்கள் கேட்டது தரைத்தளக் கடையை. கண்ணாடிக் கதவு, பெரிய பெயர்ப்பலகை என்று வரைபடமே போட்டுக்கொண்டு போனோம். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், எதிரே பஸ் நிற்கும் இடம். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை இந்தக் கதவைத் தள்ளும்?" பிறகு மாடியைக் காட்டினார். அந்த மாடியின் மறுபாதியில் டியூஷன் வகுப்பு நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு. புத்தகப் பையோடு ஏறும் பையன் கணக்குப் படிக்கப் போகிறானா, மனம் விட்டு அழப் போகிறானா என்று கீழே தேநீர் குடிப்பவர்களுக்குத் தெரியாது. இடையில் அந்த மறுபாதியைக் கூடுதல் வாடகைக்கு வேறொருவர் கேட்டு வந்தார். ஐயா மறுத்துவிட்டார். டியூஷன் போய்விட்டால் படிக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் எங்களுக்குக் கொடுத்த பெரிய கொடை அந்தப் படிக்கட்டுதான்.

மற்றவர்களையும் சொல்கிறேன். அரசாங்க மருத்துவமனையில் பல ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற மிஸ்ஸி அக்கா. சனிக்கிழமை ஒரு பெண்பிள்ளையோடு இரண்டு மணி நேரம் பேசியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அந்தப் பிள்ளையின் அத்தையைப் பார்த்தால் கத்தரிக்காய் விலையைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். பள்ளி வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர், சொந்தச் செலவில் எண்ணெய் ஊற்றி ஈப்போவுக்கு ஏற்றிப்போகிறார். போகும்போதும் வரும்போதும் "என்ன பிரச்சினை தம்பி?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. வழியில் நாசி லெமாக் வாங்கித் தருவார், பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுவார், அவ்வளவுதான். ஆறு ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் பேச்சுகூட அந்த மாடியிலிருந்து கீழே இறங்கவில்லை. ஒருவர் தும்மினால் மூன்று தாமான் (குடியிருப்பு) தாண்டி "உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும் ஊரில் இது சாதாரணச் சாதனையா?

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பால் வெட்டினார். எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்சர் நல்ல மனிதர், கைராசிக்காரர். ஆனால் மருந்துக்கொட்டகையில் திரை கிடையாது. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் முன்னால்தான் "உனக்கு என்ன?" என்பார். யாருக்குச் சொறி, யாருக்குக் குடிப்பழக்கத்தால் வந்த நோவு, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதெல்லாம் மாலைக்குள் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி வீடுவரை தெரிந்துவிடும். அதனால் சொல்லக் கூடாதது எதுவாக இருந்தாலும் பெண்கள் டிரஸ்சரிடம் போகாமலே இருந்தார்கள். தோட்டங்களை விட்டு தாமானுக்கு வந்துவிட்டோம், பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்தப் பயம் மட்டும் நம்மோடு லாரி ஏறி வந்துவிட்டது.

மனநோவு என்றால் இன்னும் மோசம். நம் ஊருக்கு அருகில்தான் தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர். ஆனால் சண்டை வந்தால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "உன்னை தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்." பெரியவர்களின் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் மனம் சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்லும்? 2022ஆம் ஆண்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. நாற்பது பேர் வகுப்பு என்றால் பத்துப் பேர். நான் முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றவள். அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேரை "சோம்பேறி" என்று திட்டியிருப்பேன் என்று நினைத்தால் இரவில் தூக்கம் வருவதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது நம் நாட்டில் 2023வரை குற்றமாக இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை அந்த ஆண்டுதான் நீக்கினார்கள். சட்டம் மாறிவிட்டது. மறைத்தே பழகிவிட்ட குடும்பங்கள் மாறுவதற்கு அதைவிட நீண்ட காலம் ஆகும். (இதைப் படிக்கும் யாருக்காவது தேவைப்பட்டால், சுகாதார அமைச்சின் உதவி எண் 15555. தயங்காமல் அழையுங்கள்.)

அப்படி மறைந்து மறைந்து படியேறிய பிள்ளையைத்தான் முந்நூறு பேருக்கு முன்னால் மேடையேற்றி, "நான் இப்படி இருந்தேன், இவர்கள் உதவினார்கள்" என்று சொல்லவைக்கப் போகிறோமா? "பிள்ளை சம்மதித்துவிட்டது" என்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளை, தனக்கு உதவியவர்கள் கேட்கும்போது எப்படி மறுக்கும்? அது சம்மதமே இல்லை, கடன் தீர்ப்பது. அன்று மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை. மேடையைப் பார்த்ததும் அது என்ன முடிவெடுக்கும்?

இதை நான் புத்தியால் மட்டும் சொல்லவில்லை. இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். 1990களில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு ஆசிரியையாக இருந்தேன். ஆண்டுத் தொடக்கத்தில் வெளியிலிருந்து சிலர் புத்தகப் பையும் காலணியும் கொண்டுவந்தார்கள். வறிய மாணவர் பட்டியலைத் தயாரித்தவள் நான். சபைகூடலில் மைக்கைப் பிடித்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தவளும் நான். ஒரு பையன் வந்தான், இரண்டு கைகளாலும் பையை வாங்கினான், படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து அவன் புத்தகங்களைக் கடைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தான். கேட்டதற்குக் கிழிந்துவிட்டது என்றான். நான் அவனைக் கடிந்துகொண்டேன்.

இரண்டு தீபாவளிகளுக்கு முன்பு அவன் என்னைப் பார்க்க வந்தான். ஜோகூரில் லாரி ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகள். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்: "அந்தப் பை கிழியவில்லை டீச்சர். செம்பனைக் காட்டுக் கால்வாயில் போட்டுவிட்டேன். அப்பா பெல்ட்டால் அடித்தார். பை நல்ல பைதான். ஆனால் அதைத் தோளில் மாட்டும்போதெல்லாம், மைக்கில் நீங்கள் என் பெயரை வாசித்தது கேட்டுக்கொண்டே இருந்தது." அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். மையத்துக்கு வரும் பிள்ளை எவருடைய கதையையும் நான் இங்கே எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

கொடுப்பவர்கள் தரப்பில் ஒரு கேள்வி வருகிறது. "காசு எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" நியாயமான கேள்வி. உழைத்துச் சம்பாதித்ததைக் கொடுக்கிறார்கள், கேட்க முழு உரிமை உண்டு. அதற்குப் பதில் கணக்குப் புத்தகம். எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேருக்கு இரத்தம் சோதித்தோம், எத்தனை முறை வேன் ஈப்போ போனது, மனநல ஆலோசகருக்குக் கொடுத்தது எவ்வளவு, எல்லாவற்றையும் தணிக்கை செய்து அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போம். எண்ணிக்கையைக் கேளுங்கள், முகத்தைக் கேட்காதீர்கள்.

ரகசியம் என்ற பெயரில் பெற்றோரை ஒதுக்குகிறோம் என்று சிலர் குறைப்படுகிறார்கள். அப்படி இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் சிகிச்சைக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவை. அந்த நேரத்தில் மிஸ்ஸி அக்காவே வீட்டுக்குப் போய், அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து பேசுவார். உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு நிமிடம்கூட மறைக்கமாட்டோம் என்று முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்குத் தெரிவது வேறு, ஊருக்குத் தெரிவது வேறு.

நம் ஊருக்குக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த மண் இது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, தோட்டத் துண்டாடலில் நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்வெட்டும் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் உருவானது. என் அப்பாவும் கட்டினார். அந்தப் பங்குப் புத்தகத்தை அம்மா சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அதில் அவர் பெயர் பங்குதாரர் என்று இருந்தது. பத்து வெள்ளி கொடுத்தவர் யாரும் கை நீட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை. இன்று எங்கள் மையத்துக்கும் மாதம் பத்து வெள்ளி கொடுப்பவர்கள் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒரு தங்கை, சம்பளம் வந்த மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஏன் கொடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அவர் பெயரும் பெரிய காசோலை கொடுத்தவர் பெயரும் ஒரே பலகையில், ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். வரிசை அகரவரிசையாக இருக்கட்டும்.

விழாவில் நன்றி சொல்ல ஆள் வேண்டும் என்றால் நான் சொல்கிறேன், தலைவர் சொல்லட்டும், டியூஷன் ஆசிரியர் சொல்லட்டும். பிள்ளைகள் விரும்பினால் பெயர் போடாமல் கடிதம் எழுதட்டும். மேடையில் வாசிக்காமல், உறையிலிட்டு உரியவர் கையில் கொடுத்துவிடலாம். முதல் மாலை மளிகைக்கடை ஐயாவுக்கு. வேன் அண்ணனுக்குப் பொன்னாடையோடு ஓர் ஆண்டு எண்ணெய்ச் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். போர்த்தும் துணியால் வண்டி ஓடாது. மிஸ்ஸி அக்காவுக்கு முழங்கால் வலி. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை அவருக்கு ஓய்வு கொடுக்க, ஓய்வுபெற்ற இன்னொரு தாதி யாராவது முன்வந்தால், எந்த விருதையும்விட அதைத்தான் அவர் பெரிதாக நினைப்பார். எனக்குத் தெரிந்து ஊரில் மூன்று பேர் இருக்கிறார்கள். இந்த வாரமே வீடு தேடி வருவேன்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குச் செயற்குழு மறுபடி கூடுகிறது. ஏழாவது வரியை எடுக்கச் சொல்லும் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.