முதல் தடவை பிடிபட்ட பொடியனை என்ன செய்வது?

ஐஸ் (மெத்தம்பெட்டமின்), குடு (ஹெரோயின்) என்று போதைப்பொருளோடு யாராவது பிடிபட்ட செய்தி வந்தால் போதும், "உள்ளே போடுங்க, வெளியே விடாதீங்க" என்று கீழே நாலு பேராவது எழுதிவிடுவார்கள். சரி, போட்டாச்சு. அப்புறம்?

பெரிய கைகளைப் பற்றி நான் பேசவில்லை. 2 கிராம் ஹெரோயினோ 5 கிராம் ஐஸோ கையில் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் என்றுதான் நம் இலங்கைச் சட்டம் இருக்கிறது. நான் சொல்வது மில்லிகிராம் கணக்கில் வைத்திருந்து முதல் தடவையாக மாட்டுகிற கொழும்பு தெமட்டகொடை, மட்டக்குளிப் பொடியன்களை.

இவர்களில் ஒருவனுக்கு நீதவான் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, அதாவது திரும்பக் குற்றம் செய்யாதவரை உள்ளே போகத் தேவையில்லாத தண்டனை, கொடுத்தால் "தப்பிட்டான்" என்கிறோம். பிடிபட்டது போதைப்பொருள்தானா என்று சொல்கிற அரச பகுப்பாய்வாளர் அறிக்கை வரும்வரை தவணை தவணையாக விளக்கமறியலில் கிடந்துவிட்டுத்தான் அவன் அந்தத் தீர்ப்புக்கே வந்து நிற்பான், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொரளை சிறைச்சாலைப் பக்கம் போனால் பாருங்கள், சோற்றுப் பார்சலோடு வெயிலில் நிற்கிற அம்மாமாரை. இருக்க வேண்டியவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் அடைபட்ட சிறையில் பக்கத்தில் படுப்பவன் மொத்த வியாபாரியாகவும் இருக்கலாம். வாங்குகிற இடம் மட்டும் தெரிந்து உள்ளே போனவன், விற்கிற வழியும் தெரிந்துகொண்டு வருகிறான்.

அதற்காக ஒத்திவைத்த தண்டனை மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். திரும்பக் குற்றம் செய்தால் பழைய தண்டனையும் சேர்ந்து வரும் என்ற பயம் நல்லதுதான், ஆனால் ஐஸுக்குப் பழகிய உடம்பு அந்தக் கணக்கெல்லாம் பார்க்குமா? பின்னேரம் அதே ஓட்டோ ஸ்டாண்ட், அதே கூட்டாளிமார். சிகிச்சை இல்லை, கேட்க ஆளில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதும் தலையாட்டியவனுக்கு, கட்டார் போக பொலிஸ் ரிப்போட் எடுக்கிற நாளில்தான் தன் பெயரில் குற்றம் பதிவாகியிருக்கிற விஷயம் விளங்கும்.

இதற்குப் புதிதாகச் சட்டம் எழுதத் தேவையில்லை. சிறைக்குப் பதிலாக வெளியே வைத்து, அதிகாரி கண்காணிப்பில் திருத்துகிற 1999 சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டமும், போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கென்றே 2007 சட்டமும் இருக்கின்றன. புனர்வாழ்வு என்றதும் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தைக் காட்டாதீர்கள். 2022இல் அங்கிருந்து நூற்றுக்கணக்கானோர் வேலி உடைத்து ஓடினார்கள், சிகிச்சை பிடித்துப்போய் ஓடினார்களா?

நான் கேட்பது சின்ன விஷயம். மாளிகாகந்தை நீதவான் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கிற அன்றைக்கே, அடுத்த வாரம் எங்கே, எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் எழுதிய ஒரு துண்டு அவன் கையில் இருக்க வேண்டும். தாய்க்கும் ஒரு பிரதி. அங்கே போனால் தமிழில் பேச ஒரு ஆள், போகாவிட்டால் நீதிமன்றத்துக்கு அறிவிக்க ஒரு அதிகாரி.