தோற்றவர் என்று ஒதுக்காதீர்கள்

பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருக்கும் குத்துச்சண்டை வீரர்களை "தோற்பதற்கென்றே மேடையேறுகிறவர்கள்" என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அது நியாயமே இல்லைங்க. இங்கிலாந்தில் பர்மிங்காமின் பீட்டர் பக்லி 300 சண்டையில் 256 தோற்றவர்தான், ஆனால் பின்னாளில் உலக சாம்பியனான நசீம் ஹமீது வளர்ந்து வந்த காலத்தில் இரண்டு முறை எதிரே நின்றவரும் அவரே. புதுப் பையனுக்கு நிஜமான பாடம் இவர்களிடம்தான் கிடைக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, குத்தைக் கையுறையில் வாங்கி, சட்டென்று நெருங்கிக் கட்டிப்பிடித்து, அவனுக்கு மூச்சு வாங்கும் நேரம் பார்த்து தோளால் ஒரு தள்ளு தள்ளுவார்கள் பாருங்கள்! நாக் அவுட் ஆனால் சில வாரம் மேடையேற விடமாட்டார்கள், அத்தனை நாள் வருமானமும் போச்சு, அதனால் அடிபடாமல் பத்திரமாக முழுச் சுற்றும் நிற்பதே பெரிய வித்தை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்து என்னிடம் குத்துச்சண்டை பழக வரும் பசங்களுக்கு பக்லியின் பழைய வீடியோக்களைத்தான் முதலில் போட்டுக் காட்டுகிறேன்.