சுட்ட எண்ணெய்க்கு யார் விலை சொல்வது?

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் இப்போது இரண்டு டின் சுட்ட எண்ணெய் கிடக்கிறது. காரைக்குடியில் பலகாரம் சுட்டு விற்கிற வீடு எங்களுடையது. கல்யாண ஆர்டர் வந்துவிட்டால் தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் என்று மூன்று நாளைக்கு அடுப்பு ஓயாது. எண்ணெய் லேசாகக் கருத்து, சட்டி ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்ததும் ஆத்தா இறக்கச் சொல்லிவிடுவார். "தேன்குழல் வெள்ளையா இருக்கணும்டா, இல்லேன்னா சம்பந்தி வீட்டுல நம்ம பேரு போயிரும்." இறக்கிய எண்ணெய் வடிகட்டி டின்னுக்குப் போகும்.

அதைக் கேட்டு முதலில் வருவது ராத்திரிக் கடை போடுகிற அண்ணன். புது எண்ணெயில் பாதி விலை, உடனே கையில் காசு. நானும் பல வருஷம் கொடுத்திருக்கிறேன். அது மறுபடி சட்டியில்தான் ஏறும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

இதே எண்ணெயை மெத்தனாலோடு கலந்து, கொஞ்சம் காரம் சேர்த்துச் சூடாக்கினால் (நம்ம ஊர்க் காரம் இல்லை, காஸ்டிக் சோடா வகை) கிளிசரின் அடியில் இறங்கிவிடும், மேலே நிற்பது பயோடீசல். லாரியில் ஊற்றலாம். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆக, யோசனை ஒன்றும் புதிதில்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேருகிற கெட்டுப்போன பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018-ல் விதி வந்தது. சுட்ட எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் ரூகோ திட்டமும் அதே வருஷம்தான். 2019 ஆகஸ்ட் 10 அன்று, இப்படித் தயாராகும் பயோடீசலை லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 100 நகரங்களுக்கு அறிவித்தன. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 51 ரூபாய் என்பது ஆலையிலிருந்து வெளிவரும் சரக்குக்கு. மெத்தனால் செலவு, ஆள் கூலி, ஊர் ஊராகச் சுற்றுகிற வண்டியின் டீசல் எல்லாம் அதற்குள்ளேதான். மிச்சத்தில் எனக்கு என்ன கொடுப்பார்கள்? எங்கள் வீட்டுக்கும் ஒரு சேகரிப்புக்காரர் வந்தார், நீல கேன் ஒன்று கொடுத்தார். ராத்திரிக் கடை அண்ணனைவிடக் குறைவாகத்தான் விலை சொன்னார். இரண்டு தடவை வந்தவர் அப்புறம் வரவே இல்லை. அந்தக் கேனில் இப்போது ஆத்தா மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறார்.

பெட்ரோலில் கலக்கிற எரிசாராயமான எத்தனாலைப் பாருங்கள். 2022 ஜூனில் பெட்ரோலில் 10 சதவீதம், 2025-லேயே 20 சதவீதம். முதலில் 2030 என்று வைத்திருந்த இலக்கு அது. எப்படி முடிந்தது? விலையை அரசு முன்கூட்டியே அறிவிக்கிறது, எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்கின்றன, ஆலை கட்ட வட்டி மானியம், ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம். சர்க்கரை ஆலைக்காரர் கவலையில்லாமல் கடன் வாங்கிப் போட்டார். என் பழைய பைக் மைலேஜில் அடி வாங்கியது தனிக்கதை. இரு சக்கர வண்டிக்கு 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே 2021-ல் சொல்லியிருந்தது. அதே அறிக்கையில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட கணக்கு வேறு: கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க சுமார் 2,860 லிட்டர் தண்ணீர். ஊருணித் தண்ணீரைக் குடத்தில் எண்ணி எடுத்த ஊர்க்காரனுக்கு இதைப் படித்தால் வயிறு எரியும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்களுக்கு இலுப்பைப்பூவாகக் கிடைத்திருப்பது இந்தச் சுட்ட எண்ணெய். இதற்காக யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம்.

வாங்க ஆளில்லாத ஆதரவு எப்படி இருக்கும் என்பதை நாங்கள் ஒருமுறை பார்த்தாகிவிட்டது. 2007 வாக்கில் அப்பச்சி தேவகோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரியில் காட்டாமணக்கு நட்டார். "ஆடு கடிக்காது, தண்ணி வேண்டாம், டீசல் காய்க்கும்" என்று கூட்டம் போட்டுச் சொன்ன காலம். ஆடு கடிக்கவில்லை, அது உண்மை. ஆனால் தண்ணீர் இல்லாத இடத்தில் காய்ப்பும் இல்லை. காய்த்ததும் ஒரே சமயத்தில் பழுக்காது, கொத்துக்குக் கொத்து பத்து தடவை போய்ப் பறிக்க வேண்டும். பறிகூலி விதை விலையைத் தாண்டியது. நாலு மூட்டை விதை இதே இரண்டாங்கட்டில் கிடந்து புழுத்தது. 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2009 உயிரி எரிபொருள் கொள்கை. 2018-ல் அதை 2030-க்குள் 5 சதவீதம் என்று இறக்கிவிட்டார்கள். அந்த மூன்று ஏக்கரில் இன்றைக்குச் சீமைக்கருவேலம்தான் நிற்கிறது.

அதனால் எனக்கு விழிப்புணர்வுக் கூட்டம் வேண்டாம், இன்னொரு கேனும் வேண்டாம். சுட்ட எண்ணெய்க்கே ஒரு குறைந்தபட்ச விலையை அறிவிக்கட்டும், ராத்திரிக் கடை தருவதைவிட இரண்டு ரூபாய் கூடுதலாக. மாதம் ஒரு தேதியில் வண்டி தெருவுக்கு வரட்டும், பால் வண்டி வருகிற மாதிரி. மானியத்தைப் புது ஆலைக்குக் கொடுப்பதற்கு முன்னால் இந்த வண்டிக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு லிட்டரும் ஒருத்தர் தட்டுக்குப் போகாமல் திரும்புகிறது என்கிற கணக்கையும் சேர்த்தால் நஷ்டமே வராது.

நேற்று ராத்திரிக் கடை அண்ணன் போன் செய்தார். "டின் எத்தனை இருக்கு தம்பி?"

"ஒண்ணும் இல்லண்ணே" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஆத்தா முறைத்தார். அடுத்த ஆர்டருக்குக் காலி டின் வேண்டுமாம்.