புட் ஓஐ கூடினாலே பங்கு விழும் என்று அர்த்தமில்லை

"பிசிஆர் 1.4-ஐத் தாண்டிவிட்டது, எல்லோரும் பங்கு விழும் என்றுதான் பந்தயம் கட்டுகிறார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். புட் என்பது ஒரு பங்கைக் குறித்த விலையில் (ஸ்ட்ரைக்) விற்கும் உரிமை, கால் என்பது வாங்கும் உரிமை. ஓஐ (ஓபன் இன்ட்ரஸ்ட்) என்பது இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. புட் ஓஐயைக் கால் ஓஐயால் வகுத்தால் வருவதுதான் பிசிஆர். தயவுசெய்து இதை நம்பி யாரும் நாளைக் காலையில் புட் வாங்காதீர்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே 2024-ல் சொல்லியிருக்கிறது.

ஒவ்வொரு புட்டுக்கும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். விற்றவர், பங்கு அந்த ஸ்ட்ரைக்குக் கீழே போகாது என்று நினைப்பவர். புட் ஓஐ குவிந்த இடத்தை நம் டிரேடர்கள் சப்போர்ட் (விலை அதற்குக் கீழே போகாமல் தாங்கும் இடம்) என்று பார்ப்பது அதனால்தான். வாங்கியவர்களிலும் பலர் கையிலுள்ள பங்குக்குக் காப்பீடாகத்தான் வாங்கியிருப்பார்கள்.

என்எஸ்இ ஆப்ஷன் செயினில் (ஒவ்வொரு ஸ்ட்ரைக்கின் விவரங்களையும் காட்டும் அட்டவணை) ஓஐ இருக்கும் அதே வரிசையிலேயே ஐவி (பங்கு எவ்வளவு ஆடும் என்று சந்தை எதிர்பார்ப்பதன் அளவு) இருக்கிறது, அதையும் பாருங்கள். ரிலையன்ஸ் 1400 ரூபாய் ஸ்ட்ரைக் புட் என்று வைத்துக்கொள்வோம். பங்கு விலை பெரிதாக அசையாதபோது ஓஐ கூடி, ஐவியும் பிரீமியமும் (புட்டின் விலை) ஏறினால், வாங்குபவர்கள் அவசரப்படுகிறார்கள் எனலாம். ஓஐ கூடி பிரீமியம் இறங்கினால், பெரும்பாலும் ரைட்டர்களின் (புட் விற்பவர்களின்) வேலை. இதுவும் ஊகம்தான், ஆனால் வெறும் பிசிஆரைவிடத் தேவலாம். எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும்) வாரத்தில் ரோல்ஓவர் (இந்த மாத ஒப்பந்தத்தை முடித்து அடுத்த மாதத்துக்கு மாற்றுவது) நடப்பதால் ஒரு மாத ஓஐயை மட்டும் பார்த்தால் இன்னும் குழப்பும். அடுத்த மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.