பெண்களுக்கு அதிகார ஆசை இல்லையாம். யார்கிட்ட, எப்படிக் கேட்டீங்க?

நெல்லைப் பக்கம் எம்.பி.ஏ., சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் புராஜெக்டுக்காக, யாரை எந்த ஆசை இயக்குகிறது என்று அளக்க மகளிர் குழுக்களைத் தேடிக் கேள்வித்தாளோடு போவார்கள். வரும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: இளசுகளுக்குச் சாதனை நாட்டம் (இன்னும் நன்றாகச் செய்யணும் என்ற விருப்பம்), பெண்களுக்கு உறவு நாட்டம் (மற்றவர்களோடு ஒட்டி இருக்கும் விருப்பம்), நடுவயது ஆண்களுக்கு அதிகார நாட்டம். இதில் பாதி, கேட்ட விதத்தால் வந்த முடிவு என்பேன்.

இந்த மூன்றையும் பிரபலமாக்கிய அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் டிக் அடிக்கும் தாளை நம்பவில்லை. படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார், அந்தக் கதையில் எந்த நாட்டம் எவ்வளவு வெளிப்படுகிறது என்று மதிப்பெண் போட்டார். ஒரே ஆளிடம் இரண்டு வழியிலும் அளந்தால் விடைகள் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. மாமியார் திண்ணையில் இருக்கும்போது மருமகளிடம் "மற்றவர்களை வழிநடத்தப் பிடிக்குமா?" என்று கேட்டால், "எனக்கென்னத்துக்கு அதெல்லாம், பிள்ளைக நல்லா இருந்தா போதும்லா" என்றுதான் வரும். உடனே 'உறவு நாட்டம் அதிகம்' என்று எழுதிவிடுகிறோம். அதே பெண்தான் குழுவில் யாருக்கு முதலில் கடன் என்று பேசி முடிக்கிறவள், தவணை கட்டாதவளை வழிக்குக் கொண்டுவருகிறவள். அடுத்தவர்மேல் தாக்கம் உண்டாக்கும் விருப்பம்தானே அதிகார நாட்டம்! முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண், சரியில்லை என்று கழிவில் போன பீடிகளை எண்ணிப் பார்த்து, நாளைக்கு இதைவிடக் குறையணும் என்று நினைத்தால் அது சுத்தமான சாதனை நாட்டம். தாளில் இதற்குக் கட்டமே கிடையாது.

ஆய்வுகள் சொல்வதும் அவ்வளவு நேர்கோடு இல்லை. அமெரிக்காவில் 1957, 1976 இரண்டு தேசிய ஆய்வுகளிலும் படக்கதை முறையில் அளந்தார்கள். ஆண்களின் அதிகார நாட்டம் நடுவயதில் உயர்ந்து தெரிந்தது. வயதான பெண்களிடம் சாதனையும் உறவும் குறைந்து தெரிந்தன. உறவு நாட்டம் பெண்களிடம் சற்றுக் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதிகார நாட்டத்தின் அளவில் அப்படி நிலையான ஆண், பெண் வித்தியாசம் இல்லை. பொறுப்பைச் சுமந்து வளர்ந்தவரா என்பதைப் பொறுத்து அது வெளிப்படும் விதம் மாறும் என்பது உளவியலாளர் டேவிட் விண்டரின் வாதம். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

வயதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 120 பேரை மூன்று வயதுப் பிரிவு, ஆண், பெண் என்று பிரித்தால் கட்டத்துக்கு 20 பேர்தான். நம் ஊர்களில் 55 தாண்டிய பெண்கள் பலர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். 25 வயசுக்காரி டிகிரி. வந்த வித்தியாசம் வயதாலா, படிப்பாலா? ஒரே படிப்பு உள்ளவர்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள், பாதி 'வயது விளைவு' காணாமல் போகலாம்.

படக்கதை முறையில் செய்வதானால் நாலிலிருந்து ஆறு படம் போதும். ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து விநாடி காட்டி எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கதை. கோட்டு சூட்டு போட்ட படம் வேண்டாம். வயல், கடை, குழுக்கூட்டம் என்று நம் ஊர் ஆட்கள் இருக்கட்டும். எழுதத் தடுமாறுகிறவர்களிடம் வாய்மொழியாகப் பதிவு செய்யுங்கள். ஆனால் ஆண்களை எழுதவைத்து, பெண்களைப் பேசவைத்தால் எல்லாம் வீண், பேச்சு பெரும்பாலும் நீளும். நீளக் கதையில் மதிப்பெண் தானாகக் கூடும், ஆகவே சொல் எண்ணிக்கைக்கு ஏற்பச் சரிசெய்தே ஒப்பிடணும். மதிப்பெண் போட இரண்டு பேர், தனித்தனியாக. கதையின் மேலே பெயர், வயது, ஆணா பெண்ணா எதுவும் இருக்கக் கூடாது.