இந்தியாவின் பைக் பந்தயம் 2023-இல் பிறக்கவில்லை

"2023 மோட்டோஜிபிதான் இந்தியாவில் நடந்த முதல் பைக் பந்தயம்" என்று ஒரு தகவல் வாட்ஸப்பில் சுற்றுகிறது. தவறு.

அந்தச் செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தில் நடந்தது, உலகின் உச்ச பைக் பந்தயத் தொடரான மோட்டோஜிபியில் இந்தியாவுக்கு வந்த முதல் சுற்று. இத்தாலியின் மார்கோ பெஸ்ஸெக்கி ஜெயித்தார். அதுவரை சரி. ஆனால் பந்தயத்தின் கதை அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் இரண்டுக்கும் பந்தயம் நடத்தியது. நிரந்தரத் தடம் என்று எதுவும் இல்லாத காலத்தில், வெடித்துக் கிடந்த அந்தக் கான்கிரீட்டில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள்தான் இந்த விளையாட்டை இங்கே உயிரோடு வைத்திருந்தார்கள். அவர்களை ஒரே வரியில் அழித்துவிடுவது பெரிய அநியாயம்.

அப்புறம் 1990-இல் அதே கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். தேசிய பைக் சாம்பியன்ஷிப் சுற்றுகள் இன்றும் அங்கே நடக்கின்றன. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடமும் இருக்கிறது. புத் தடம் திறந்ததே 2011-இல்தான்.