போனது போனதாகவே இருக்கட்டும்

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டை ஆடும் நம் குழுவில் நேற்று ராத்திரி நடந்த பஞ்சாயத்து இங்கே பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். உயெடாமா சிஸ்டத்தில், அதாவது நட்சத்திர மண்டலத்தில், அடுத்த மண்டலத்துக்குத் தாவும் கேட்டில் நம் தம்பி ஒருவரின் பேட்ஜர் சரக்குக் கப்பல் சுடப்பட்டு வெடித்தது. ஏற்றியிருந்த சரக்கில் தப்பியதை, சுட்ட கேங்கர்கள் (தங்கள் கப்பல் போனாலும் பரவாயில்லை என்று பாதுகாப்பான பகுதியிலும் தாக்குகிறவர்கள்) அள்ளிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றிய பதிவின் கீழே ஆளாளுக்கு ஒரே கோரிக்கை: "ஹைசெக்கில் (காவல்படை உள்ள பகுதியில்) இழப்பே இருக்கக் கூடாது, விளையாட்டை நடத்தும் கம்பெனி அந்தச் சரக்கைத் திருப்பித் தரவேண்டும்." அது சரியில்லை என்று சொன்னவர்களுக்கு "மனசாட்சி இல்லாதவர்கள்" என்று பட்டம். அந்தத் தம்பிக்கு முதல் கப்பல் வாங்கிக் கொடுத்தவர்களே அந்த மறுத்துப் பேசியவர்கள்தான். அதுதான் வலிக்கிறது.

சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஈவ் ஆன்லைனில் கப்பல் போனால் போனதுதான். அந்த விதியைப் பிடுங்கிவிட்டால் அந்த விளையாட்டில் மிஞ்சுவது அழகான வானம் மட்டும்.

2003-இல் தொடங்கிய விளையாட்டு இது. அதில் பறக்கும் கப்பல்களில் பெரும்பாலானவை ஆட்டக்காரர்கள் கட்டியவை. ஒருவர் கல் உடைக்கிறார், ஒருவர் உருக்குகிறார், ஒருவர் புளூபிரிண்ட் வைத்துக் கட்டுகிறார், ஒருவர் ஜிட்டா சந்தைக்கு ஏற்றிப் போய் விற்கிறார். ஒரு கப்பல் வெடித்தால்தான் அடுத்த கப்பலுக்கு ஆள் வருவார். எதுவுமே வெடிக்காத உலகத்தில் அந்தக் கல்லை யாருக்காக உடைப்பது? "சண்டை வேண்டாம், வியாபாரம் மட்டும் போதும்" என்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும். உங்கள் வியாபாரத்துக்குச் சோறு போடுவதே அந்த வெடிப்புதான்.

சரி, நேற்று என்ன நடந்தது என்று கணக்காகப் பார்ப்போம். உயெடாமாவின் பாதுகாப்பு எண் 0.5 (1.0 என்றால் அதிகபட்சப் பாதுகாப்பு). 1.0-இல் ஐந்தாறு விநாடியில் வரும் கான்கார்ட் காவல்படை, 0.5-க்கு வர சுமார் 20 விநாடி பிடிக்கும். நன்றாக ஆயுதம் பொருத்திய ஒரு கேட்டலிஸ்ட் கப்பல் விநாடிக்கு சுமார் 600 சேதம் கொடுக்கும். 20-ஆல் பெருக்கினால் 12,000. அந்த பேட்ஜர் தாங்கக்கூடியதே பத்தாயிரம் சொச்சம். அதாவது ஒரே ஒரு ஆள் போதும். அவருக்குச் செலவு ஒன்றிரண்டு கோடி ஐ.எஸ்.கே. (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்). உள்ளே இருந்ததோ 40 கோடிச் சரக்கு. கேட்டில் நிற்கும் ஸ்கேனர் கப்பல் அதை ஒரு சொடுக்கில் பார்த்துவிடும். வெடித்த கப்பலில் ஒவ்வொரு பொருளும் மிஞ்சுவதற்குச் சரிபாதி வாய்ப்பு. அவர்களுக்குச் சராசரியாக 20 கோடி. எந்தக் கேங்கரும் விடமாட்டார்.

இதில் விளையாட்டின் பிழை எங்கே இருக்கிறது? தம்பி கப்பலை ஆட்டோபைலட்டில் விட்டிருக்கிறார். அது கேட்டுக்கு நேராக இறக்காமல் பல கிலோமீட்டர் தள்ளி இறக்கி, மெதுவாக ஊர்ந்து போக வைக்கும். காப்பீடு இருந்திருக்கிறது, ஆனால் அது கப்பலுக்கு மட்டும்தான். பிளாட்டினம் காப்பீடு எடுத்தால் அடிப்படை மதிப்பில் 30% கட்டணம், கப்பல் போனால் முழு மதிப்பும் வரும். சரக்குக்குப் பைசா கிடையாது. சரக்கு போகக் கூடாது என்றால் வழி இருக்கிறது. சரக்கை இன்னொருவர் ஏற்றிப் போகும்படி கூரியர் ஒப்பந்தம் போட்டு, சரக்கின் மதிப்பைப் பிணைத்தொகையாக வைக்கச் சொல்லுங்கள். போனால் அந்தத் தொகை உங்களுக்கு. இல்லையென்றால் பிளாக்கேட் ரன்னர் கப்பல் ஓட்டப் பழகுங்கள். அதன் சரக்கை ஸ்கேன் செய்யவே முடியாது, மறைந்தபடியே வார்ப்பும் (அதிவேகப் பாய்ச்சல்) ஆகும். இத்தனை வழிகளும் எதனால் உருவாயின? இழப்பு நிஜமாக இருப்பதால். இழப்பை எடுத்துவிட்டால் கூரியர் தொழில், முன்னால் போய் வேவு பார்க்கும் ஸ்கௌட், மறைப்புக் கருவி எதற்கும் வேலை இல்லை. ஆழம் என்று நீங்கள் கேட்பது இதுதான். புதுப்புது மிஷனை அடுக்கினால் அது வராது.

2014 ஜனவரி 27, பி-ஆர் (B-R5RB) சிஸ்டத்தில் நடந்த சண்டையை நினைத்துப் பாருங்கள். அந்த சிஸ்டத்தின் சாவரின்டி கட்டணம் (அதன் மீதான உரிமைக்கான கட்டணம்) கட்டப்படாமல் போனது. அவ்வளவுதான் காரணம். சுமார் 21 மணி நேரச் சண்டை, 75 டைட்டன்கள் (விளையாட்டின் மிகப் பெரிய கப்பல்கள்) சாம்பல், 11 டிரில்லியன் ஐ.எஸ்.கே. இழப்பு. அதன் சிதைவுகள் அந்த சிஸ்டத்திலேயே நினைவுச்சின்னமாக நிற்கின்றன. அதற்கு ஒரு வருடம் முன்பு அசாகாய் சிஸ்டத்தில், தன் கூட்டத்தை பிரிட்ஜ் என்ற பாலம் வழியே அனுப்பவேண்டிய டைட்டன் பைலட் தவறுதலாக ஜம்ப் பொத்தானை அழுத்தித் தானே எதிரிகள் நடுவில் போய் நின்றார். மறுநாள் காலை எல்லாம் திரும்பக் கிடைத்திருந்தால் இன்று அதை யார் பேசப்போகிறார்கள்?

இழப்பு என்றால் கப்பல் மட்டுமல்ல. 2020-இல் ட்ரிக்லேவியன் என்ற, கம்பெனி உருவாக்கிய எதிரிகளின் படையெடுப்பில் சில ஆட்டக்காரர்கள் எதிரிப்பக்கம் சேர்ந்து வேலை செய்தார்கள். நியார்யா சிஸ்டம் கைவிட்டுப் போனது. ஜிட்டாவிலிருந்து இன்னொரு சந்தையான அமாருக்கு 9 ஜம்பில் (ஒரு கேட்டைத் தாண்டுவது ஒரு ஜம்ப்) போன ஹைசெக் பாதை 45 ஜம்ப் ஆனது. மனிதர்கள் எடுத்த முடிவால் வரைபடமே மாறியது. வேறெந்த விண்வெளி விளையாட்டில் இதைப் பார்த்திருக்கிறீர்கள்?

எலீட் டேஞ்சரஸ் என்ற இன்னொரு விண்வெளி விளையாட்டைக் காட்டுவார்கள். அங்கே கப்பல் போனால் மதிப்பில் 5% கட்டினால் அதே கப்பல் அப்படியே வந்து நிற்கும். கொஞ்சம் சம்பாதித்தவருக்கு அது வலிக்கவே வலிக்காது. ஆனால் அந்த விளையாட்டிலும் மனதை உலுக்கும் ஒரு இடம் உண்டு. வாரக்கணக்கில் நட்சத்திரம் தேடிச் சேர்த்த ஆய்வுத் தரவை விற்பதற்கு முன் செத்தால் எல்லாம் போய்விடும். ஊர் திரும்பும் ஆய்வாளர் கடைசி ஸ்டேஷனில் இறங்கும்போது கை நடுங்குவது அதனால்தான்.

"தினம் வேலைக்குப் போய் வந்து இரண்டு மணி நேரம் விளையாடுகிறவன் என்ன செய்வான்?" என்று ஒருவர் கேட்டார். நாங்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான், ஐயா. இழக்க முடியாததை ஏற்றாதீர்கள். இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

"அப்படியானால் எவ்வளவு கொடுமை வைத்தாலும் நல்லதா?" என்ற கேள்வி நியாயமானது. இல்லை. 2019 ஜூலையில் நல்செக்கில் (காவல்படை இல்லாத பகுதி), சிஸ்டத்தில் இருப்பவர்களைக் காட்டும் லோக்கல் பட்டியலை மறைத்தார்கள். யார் அருகில் இருக்கிறார் என்றே தெரியாது. ஆட்கள் குறைந்தார்கள், செப்டம்பரில் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். தான் செய்த எந்தத் தவறுக்கு இந்த அடி என்று ஆட்டக்காரருக்குப் புரியவேண்டும். புரியாத அடி வெறும் அடி. நேற்றைய அடியில் எல்லாமே புரிகிறது: சிஸ்டம் எண், சரக்கு மதிப்பு, ஆட்டோபைலட்.

உண்மையில் கோபப்படவேண்டிய இடம் வேறு. 2016-இல் சிட்டடல் (ஆட்டக்காரர்கள் கட்டும் கோட்டை) வந்தபோது கூடவே அசெட் சேஃப்டி என்ற பொருள் பாதுகாப்பும் வந்தது. கோட்டையே இடிந்தாலும் உள்ளே இருக்கும் உங்கள் பொருள் 20 நாளில் 15% கட்டணத்தோடு வேறொரு ஸ்டேஷனில் வந்து இறங்கும். அப்புறம் கோட்டையைக் காக்க யார் தூக்கம் கெட்டு வருவார்? வார்ம்ஹோல் வழியே மட்டும் போகக்கூடிய பகுதிகளில் அந்தச் சலுகை இல்லை, அங்கே மனிதர்கள் இன்னும் உயிரைக் கொடுத்துக் காக்கிறார்கள். அதே வருடம் பிப்ரவரியில் ஸ்கில் இன்ஜெக்டர். வருடக்கணக்கில் காத்திருந்து பெறவேண்டிய தேர்ச்சியைப் பணம் கொடுத்து ஒரே நாளில் ஏற்றிக்கொள்ளலாம். கேங்கரின் தண்டனைக்குமே அப்படித்தான். கப்பல் போகும், 15 நிமிடம் கிரிமினல் டைமர் ஓடும், செக்யூரிட்டி ஸ்டேட்டஸ் (நடத்தை மதிப்பெண்) −5-க்குக் கீழே போனால் யார் வேண்டுமானாலும் சுடலாம். நல்ல விதிகள். ஆனால் 2013-இலிருந்து டேக் என்ற பொருளை வாங்கிக் கொடுத்தால் அந்தக் கறையும் கழுவப்படும். இழந்தவருக்கு மட்டும் நிஜம், சுட்டவருக்குப் பணம் கட்டினால் தீரும் என்றால் அது அநியாயம். அதை மாற்றச் சொல்லி மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. அந்தத் தம்பியின் சரக்கைத் திருப்பிக் கேட்கும் மனுவில் மட்டும் என் பெயர் வராது.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அடுத்த லோடை மூன்றாகப் பிரித்து ஏற்று. ஆட்டோபைலட்டைத் தொடாதே. கிளம்புவதற்கு முன் குழுவில் ஒரு வார்த்தை சொல், ஒரு ஜம்ப் முன்னால் ஸ்கௌட் போக நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.